மணவறைக்கு வெள்ளைப் பூ

கலியாணத்துக்கு நாள் குறித்தவுடன் கூறை, தாலிக்கொடி, சாப்பாடு என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். பூவைப் பற்றிக் கடைசி வாரத்தில்தான் பலரும் யோசிக்கிறோம். ஆனால் கலியாண வீட்டில் மனஸ்தாபத்துக்கு இடம் கொடுக்கும் பொருள்களில் பூவும் ஒன்று. அதிலும், "மணவறை முழுவதும் வெள்ளைப் பூவாகவே இருக்கட்டும்" என்று மணப்பெண் கேட்டுவிட்டால் வீட்டில் உள்ள பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பதுளை மாவட்டத்தின் எல்லப் பகுதியில் இந்த விருப்பம் எழுவதில் வியப்பில்லை. 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். வெள்ளை உடையுடன் பாலத்தின் அருகே நின்று படம் எடுக்கும் மணமக்களை எமது பிள்ளைகள் காண்கிறார்கள். விடுதிகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பெண்கள் அங்கு நடக்கும் கலியாணங்களில் வெள்ளை ரோஜா, லில்லி, செவ்வந்தி அலங்காரங்களைப் பார்க்கிறார்கள். எமது கலியாணமும் அப்படி அழகாக இருக்கக் கூடாதா என்று அவர்கள் ஆசைப்படுவது இயல்புதானே.

இந்த ஆசைக்கு முன்னால் இரண்டு தடைகள் வந்து நிற்கின்றன. "வெள்ளை சாவீட்டு நிறம், நல்ல காரியத்துக்கு ஆகாது" என்பது ஒன்று. "பூத்தட்டை நீ தொடாதே, உன் அண்ணி எடுத்துக் கொடுக்கட்டும்" என்று கணவனை இழந்த தாய்க்குச் சொல்லப்படுவது மற்றொன்று. முதலாவது பூவின் நிறத்தைப் பற்றியது. இரண்டாவது பூவைத் தொடும் கையைப் பற்றியது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எமது குடும்பங்களில் இந்த இரண்டும் பின்னிக் கிடப்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

வெள்ளை துக்கத்தின் நிறமா?

எமது நாட்டில் சாவீடு என்றதும் வெள்ளைக் கொடியும் வெள்ளை உடையும் நினைவுக்கு வரும். சிங்கள மக்களும் தமிழ் மக்களும் இதில் ஒன்றுபடுகிறார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலை என்ற வழக்கமும் எம்மிடையே நெடுங்காலம் இருந்தது. ஆகவே பெரியவர்களின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பெரியவர்கள்தான் மணப்பெண்ணின் கொண்டையில் மல்லிகைச் சரம் இல்லாமல் மணவறைக்கு அனுப்பமாட்டார்கள். மல்லிகையும் முல்லையும் வெள்ளைதானே!

எமது பழைய இலக்கியத்தைப் பார்த்தால் வெள்ளைப் பூ எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. நேருக்கு நேர் நின்று பொருதும் போரில் வீரர்கள் சூடியது தும்பைப் பூ. அது தூய வெள்ளை. காட்டு நிலத்துக்கும், கணவன் வரவை எதிர்பார்த்து இருக்கும் பெண்ணின் பொறுமைக்கும் அடையாளமான முல்லையும் வெள்ளை. புறநானூற்றின் 242 ஆம் பாடலில், ஒல்லையூர்ச் சாத்தன் என்ற வீரன் இறந்த பின் ஊரில் ஒருவரும் முல்லையைச் சூடவில்லை என்று குடவாயிற் கீரத்தனார் என்னும் புலவர் வருந்துகிறார். துக்க காலத்தில் வெள்ளைப் பூவை விலக்கினார்கள் என்றால், அந்தப் பூ மகிழ்ச்சிக்கு உரியதாக இருந்தது என்றுதானே பொருள்.

மற்றைய நாடுகளின் வழக்கமும் ஒரே மாதிரியானதல்ல. பிரித்தானியாவின் விக்டோரியா மகாராணி 1840 பெப்ரவரி 10 ஆம் திகதி திருமணம் செய்தபோது வெள்ளை உடை அணிந்து, தலையில் வெள்ளைத் தோடம்பூக்களால் ஆன வளையம் சூடினார். மேலைநாடுகளில் வெள்ளை மணக்கோலம் பரவுவதற்கு அதுவே பெரிய காரணமாயிற்று. 1861 இல் கணவர் இறந்த பிறகு 1901 இல் தாம் இறக்கும் வரை அவர் கறுப்பு உடையே அணிந்தார். அவர்களுக்குக் கறுப்புத்தான் துக்கத்தின் நிறம். ஆனால் தம்மை வெள்ளை உடையிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அவ்வாறே மணநாளில் அணிந்த முகத்திரையும் அவருடன் வைக்கப்பட்டது.

வெள்ளைச் செவ்வந்தியைப் பிரான்ஸிலும் ஜப்பானிலும் கல்லறைக்கும் மரண வீட்டுக்கும் கொண்டு போகிறார்கள். எம்மிடையே செவ்வந்தி சுவாமிக்குச் சாத்தும் மாலை. அரலியா என்று சிங்களத்தில் சொல்லும் பூவைப் பாருங்கள். மெக்சிக்கோ பக்கத்திலிருந்து வந்த மரம் அது. ஆனாலும் தமிழில் அதற்கு ஈழத்தலரி என்றே பெயர். எமது நாட்டில் விகாரைகளில் அதைப் பூசைக்கு வைக்கிறார்கள். சில இடங்களில் மயானத்தில் நடுகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் அதே பூவை மாலையாகக் கட்டி விருந்தினருக்கும் மணமக்களுக்கும் அணிவிக்கிறார்கள். ஒரே பூ, ஒரே நிறம். ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. அர்த்தத்தைக் கொடுத்தவர்கள் மனிதர்கள். அதை மாற்றும் உரிமையும் மனிதர்களுக்கு உண்டு.

ஊவா மண்ணின் வெள்ளைப் பூக்கள்

வெள்ளைப் பூ என்றவுடன் கொழும்பிலிருந்து பெட்டியில் வரும் விலையுயர்ந்த பூக்களை நினைக்கத் தேவையில்லை. எமது மலைநாட்டின் கதையே வெள்ளைப் பூவில்தான் தொடங்குகிறது. எமது மூதாதையர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டது கோப்பித் தோட்டங்களுக்கு. கோப்பிப் பூ வெள்ளை நிறம், மல்லிகை போன்ற வாசனை. 1869 இல் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் துரு போன்ற நோய் காணப்பட்டது. அந்நோய் பரவிச் சில பத்தாண்டுகளில் கோப்பிப் பயிரே அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

தேயிலையும் வெள்ளைப் பூவே பூக்கும். நடுவில் பொன்னிறத் தாது, சுற்றிலும் வெள்ளை இதழ். வாரத்துக்கு ஒரு தடவை கொழுந்து பறித்து, சில வருடங்களுக்கு ஒரு முறை கவ்வாத்தும் வெட்டுவதால் செடிக்குப் பூக்க அவகாசம் கிடைப்பதில்லை. கைவிடப்பட்ட மலைகளிலும் வேலியோரங்களிலும்தான் அது தாராளமாகப் பூக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் மணவறையில் தேயிலைக் கொப்பும் பூவும் ஓரிரண்டு இருப்பது எவ்வளவு பொருத்தம்! இதழ் விரைவில் உதிர்ந்துவிடும் என்பதால் மாலை கட்ட முடியாது, குவளையில் வைக்கலாம். தோட்டத்துக்குச் சொந்தமான மலையிலிருந்து வெட்டுவதானால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றுடன், வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும் நந்தியாவட்டை மாலை கட்ட ஏற்ற பூ. ஹப்புத்தளை, நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் நீர் நிற்கும் ஓரங்களில் புனல் வடிவத்தில் வளரும் வெள்ளை லில்லி நீண்ட காம்புடன் கம்பீரமாக இருக்கும். ரோஜா, செவ்வந்தி, ஜெர்பெரா போன்றவற்றுக்கு பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக் காலநிலை நன்கு ஒத்துவரும். அங்கு வீட்டுத் தோட்டத்தில் பூ வளர்க்கும் பெண்ணிடம் நேரே வாங்கினால் பணம் அவள் கைக்கே போகும்.

மாதத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

மல்லிகை வெயிலை விரும்பும் செடி. பங்குனி தொடக்கம் ஆனி வரை நன்றாகப் பூக்கும். மழையும் குளிரும் கூடும்போது குறைந்துவிடும். எல்லப் பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். ஆகவே தை மாதக் கலியாணத்தில் மல்லிகையை நம்பியிருந்தால் கடைசி நேரத்தில் அதிக விலை கொடுக்க நேரிடும். கொண்டைக்கு மட்டும் மல்லிகை வைத்துக்கொண்டு, மணவறைக்குச் செவ்வந்தி, நந்தியாவட்டை என்று வகுத்துக்கொள்வது நல்லது.

ஆனி முதல் ஆவணி வரை ஊவாவில் காய்ந்த காற்று பலமாக வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை கிடைப்பதும் அந்தக் காற்றினால்தான். தேயிலைக்கு நல்லதாக இருந்தாலும் பூவுக்கு அது ஆகாது. மெல்லிய இதழ்கள் ஒரு மணித்தியாலத்திலேயே வாடிவிடும். அக்காலத்தில் வெளியில் பந்தல் போடுவதானால் தடித்த இதழுள்ள பூக்களையும் அதிக இலைகளையும் பயன்படுத்துங்கள்.

வெள்ளைப் பூவைப் பேணுவது எப்படி?

வெள்ளை இதழில் சாயம் இல்லை. இதழுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றிடைவெளிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும், இடமும் பழுத்துவிடும். சிவப்பு ரோஜாவில் தெரியாத விரல் அடையாளம் வெள்ளை ரோஜாவில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். ஆகவே சில கவனிப்புகள் அவசியம்:

- பூவை வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பின்போ வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்குங்கள், இதழைத் தொடாதீர்கள்.

- காம்பைச் சாய்வாக வெட்டி, சுத்தமான வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் நிற்க விடுங்கள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை அகற்றிவிடுங்கள். அவை அழுகினால் தண்ணீர் கெடும்.

- மல்லிகையை மொட்டாகவே பறித்துத் தொடுங்கள். மாலையில் தானே விரியும். வாழை நாரில் கட்டி, வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு வையுங்கள்.

- பூவையும் பழுத்த வாழைக்குலையையும் ஒரே அறையில் பூட்டி வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் வாயு பூவை விரைவில் வாடச் செய்யும். கலியாண வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

- கடையில் வாங்கும் பெரிய லில்லிப் பூவின் நடுவில் உள்ள தாதுப் பைகளை விரியும்போதே கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தப் பொடி கூறையில் பட்டால் கறை போகாது. பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல், ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுங்கள்.

- அலரியும், மலைநாட்டில் மரமாக வளர்ந்து தலைகீழாகத் தொங்கும் வெள்ளை ஊமத்தை வகையும் நச்சுத் தன்மை உடையவை. புனல் வடிவ லில்லியின் சாறும் வாயில் பட்டால் எரியும். இவற்றைச் சாப்பாட்டு மேசைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். கடைப் பூக்களுக்கு மருந்து அடித்திருப்பார்கள். அவற்றைக் கேக்கின் மேலோ பலகாரத் தட்டிலோ வைக்க வேண்டாம்.

அழகுக்கு ஒரு எளிய விதி உண்டு. பல வகைப் பூக்களைச் சிறிது சிறிதாக வாங்குவதிலும் பார்க்க, ஒன்றிரண்டு வகையை நிறைய வாங்கி, பச்சை இலையோடு சேர்த்தால் செலவு குறையும், பார்வைக்கும் நிறைவாக இருக்கும். சிவந்த கூறைக்கு வெள்ளைப் பூ மிக எடுப்பானது. பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மாலையில் மரிக்கொழுந்தும் ஒரு வரிசை சிவப்பு ரோஜாவும் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கும் ஆறுதல், பெண்ணின் விருப்பமும் கெடாது.

பூத்தட்டை யார் ஏந்துவது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். யுத்தம் வடக்கு கிழக்கில் மட்டும் நடந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் போய்க் குடியேறின. 2009 மே மாதம் யுத்தம் முடியும்வரை அங்கு பட்ட துன்பம் அனைத்தையும் அவையும் பட்டன. எல்லவுக்கு அருகே, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். ஆகவே இன்று ஊவாத் தோட்டம் ஒன்றில் நடக்கும் கலியாணத்தில், வன்னியிலிருந்து வந்த சம்பந்தி அம்மாளும் இங்குள்ள அம்மாளும் யுத்தத்தின் வடுவைத் தாங்கியவர்களாக இருப்பது புதுமை அல்ல.

இந்தத் தாய்மாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவன் இல்லாமல் பிள்ளையை வளர்த்தவள், கொழுந்து பறித்தோ, கூலி வேலை செய்தோ, தையல் தைத்தோ நகைக்குப் பணம் சேர்த்தவள். பொன்னுருக்கும் நாளில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். முகூர்த்தக்கால் நடும்போது பின்வரிசையில் நிற்கிறாள். தாரை வார்க்க அவளுடைய அண்ணனும் அண்ணியும் முன்னே போகிறார்கள். மகளுக்குப் பூச்சூடும் நேரத்தில் அவளே தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். யாரும் தடுக்காமலே ஒதுங்கும் அளவுக்கு அந்த வழக்கம் எம் மனத்தில் ஊறியிருக்கிறது.

காணாமற் போனவர்களின் மனைவியரின் நிலை இன்னும் சிக்கலானது. பொட்டும் பூவும் வைத்தால் ஊர் ஒன்று சொல்கிறது, வைக்காவிட்டால் கணவனின் வரவில் நம்பிக்கை இழந்துவிட்டதாக அவளுக்கே தோன்றுகிறது. மரணச் சான்றிதழ் பெற மனமில்லாத குடும்பங்களுக்காக, காணாமற் போனவர் என்பதற்கான சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் வழிசெய்தது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே குடும்ப அலுவல்களைப் பார்க்க அது உதவுகிறது. சட்டம் அவளுக்கென ஓர் இடத்தைக் கொடுத்திருக்கும்போது, கலியாண வீட்டில் அவளுக்கு ஓர் இடம் கொடுக்க எமக்கு என்ன தயக்கம்?

வழக்கத்தை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் ஹெர்வாட் என்ற கிராமம், கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலியை அகற்றுவது போன்றவற்றை 2022 மே மாதம் கிராம சபைத் தீர்மானத்தின் மூலம் நிறுத்தியது. மற்றைய கிராமங்களும் இதைப் பின்பற்றுமாறு அதே மாதத்தில் மாநில அரசு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றில் கைம்பெண்ணை உள்ளே வரவிடாமல் தடுத்தமைக்கு எதிரான வழக்கில், சட்டத்தின் ஆட்சி நடக்கும் சமூகத்தில் அப்படித் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்று 2023 ஒகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1967 இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது.

எமது நாட்டிலும் திருமணப் பதிவுக்குச் சட்டம் கேட்பவை வேறு. மணமக்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும், பதிவாளர் முன் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சாட்சி சுமங்கலியா என்று எந்தப் பதிவாளரும் கேட்பதில்லை. கணவனை இழந்த சகோதரியும் சாட்சிக் கையொப்பம் இடலாம். பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதிவில்லாத கலியாணத்தை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த கஷ்டம் எமது சகோதரிகளுக்குப் புதிதல்ல.

முன்கூட்டியே பேசுங்கள்

மணவறையின் முன்னால் நின்று விவாதம் செய்வதால் தாய்க்கு மேலும் அவமானமே மிஞ்சும். ஆகவே நாள் குறிக்கும்போதே இதைப் பேசி முடிக்க வேண்டும். இந்தப் பேச்சை மணமக்களே எடுப்பது நல்லது. "என் அம்மா கையால்தான் எனக்குப் பூ வைக்க வேண்டும்" என்று மகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவோர் குறைவு. மாப்பிள்ளையும் தன் வீட்டாரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் காரியம் பாதி முடிந்தது. குருக்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஒன்றிலிருந்து தொடங்கலாம். முதல் நாள் இரவு பூத் தொடுக்க ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் அழையுங்கள். கணவன் இருப்பவள், இல்லாதவள், கணவனைத் தேடுபவள் எல்லாரும் ஒரே பாயில் இருந்து தொடுக்கட்டும். வாசலில் வரவேற்புத் தட்டைத் தாய் ஏந்தட்டும். மணமாலையை அவள் கையிலிருந்து மணமக்கள் வாங்கட்டும். ஆராத்தி எடுக்கும் இருவரில் ஒருத்தியாக அவள் நிற்கட்டும். ஒதுங்கி நிற்பதே தனக்கு நிம்மதி என்று ஒரு தாய் சொன்னால் அவளை வற்புறுத்தவும் வேண்டாம். அழைப்பது எமது கடமை, முடிவு அவளுடையது.

சகோதரிகளே, மல்லிகை மொட்டைத் தொடுத்தது யார் என்று பார்த்து அது விரிவதில்லை. எத்தனையோ கலியாணங்களுக்கு மாலை கட்டிக் கொடுத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் கைம்பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். கூலிக்குக் கட்டும்போது அவர்கள் கை தீட்டு இல்லை என்றால், பெற்ற மகளுக்குச் சூட்டும்போது மட்டும் அது எங்கிருந்து வருகிறது? அடுத்த முகூர்த்தத்துக்குப் பூ வாங்கப் போகும்போது இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ, உங்கள் பிள்ளையின் விருப்பப்படி தெரிவு செய்யுங்கள். முதல் பூவை அவளை வளர்த்த கையே சூட்டட்டும்.